முடக்குவாதம் இருப்பவர் தன் ரத்த ரிப்போர்ட்டில் இதயத்தைப் படிப்பது எப்படி?

"கொலஸ்ட்ரால் நார்மல், பயப்பட ஒன்றுமில்லை." மூட்டெல்லாம் வீங்கி, காலையில் சட்டைப் பொத்தான் போடவே திணறுகிறவர் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் கிடைத்தால், இதயமாவது நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி வரும். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன். முடக்குவாதம் கொதித்துக்கொண்டிருக்கும் நாட்களில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும். நோய் மோசமாக மோசமாக அந்த எண் அழகாகிக்கொண்டே போகும், இதயத்துக்கான ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஆகவே, அதே நாளின் அழற்சி எண்ணைப் பக்கத்தில் வைக்காமல் கொலஸ்ட்ரால் எண்ணைப் படிக்கவே கூடாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே முடக்குவாதம் என்று சொல்வது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸை. வயதாகி மூட்டு தேய்வது வேறு நோய். ஒரு பக்கம் கை கால் செயலிழந்து போகும் பக்கவாதமும் வேறு. இது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுச் சவ்வைத் தாக்கும் நோய். பெயர்தான் மூட்டோடு ஒட்டியிருக்கிறது, நோய் உடல் முழுக்க ஓடுகிறது. 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, முடக்குவாதம் இருப்பவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று காட்டியது. ஏறக்குறைய சர்க்கரை நோய் கூட்டிவிடும் அளவுக்கு. சர்க்கரை நோயாளியிடம் இதயத்தைப் பற்றிப் பேசாத மருத்துவர் கிடையாது. முடக்குவாத நோயாளியிடம் அந்தப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் எழுவதில்லை.

மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரின் வேலை. அவர் எதிரே உட்காரும்போது சரியான கேள்வி கேட்க இந்த வழிகாட்டி உதவும்.

முதல் படி: எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

ஒரு கோப்பில் மூட்டு ரிப்போர்ட், இன்னொரு கோப்பில் சர்க்கரை, கொழுப்பு. பெரும்பாலோர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், காட்டும் மருத்துவர்களும் வேறு வேறு. இரண்டையும் ஒரு தாளுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வரிசைக்கு ஒரு தேதி. அந்த வரிசையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர், மொத்தக் கொலஸ்ட்ரால், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்), எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடு (இன்னொரு வகைக் கொழுப்பு), எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் எல்லாம் வரட்டும். பக்கத்தில் அப்போது எடுத்துக்கொண்டிருந்த மருந்துகளும் அளவும். கடைசியில் இரண்டு வார்த்தை: அன்று மூட்டு எப்படி இருந்தது, காலை இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆனது. பின்னால் பார்க்கும்போது அந்தக் கடைசிக் கட்டம்தான் மற்ற எண்களுக்கு அர்த்தம் தரும்.

எழுதும்போது அலகைப் பாருங்கள். இதில் ஏமாறுபவர்கள் ஏராளம். சிஆர்பியைச் சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன, சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். போன மாதம் 12, இந்த மாதம் 1.2 என்று பார்த்துச் சந்தோஷப்படும் முன் அலகைப் பார்த்தால், இரண்டும் ஒரே அளவாகவே இருக்கலாம். கொலஸ்ட்ரால் மில்லிமோலில் வந்திருந்தால் 38.67-ஆல் பெருக்குங்கள், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கிடைத்துவிடும். ட்ரைகிளிசரைடுக்கு அந்த எண் 88.57.

இரண்டாம் படி: அழற்சி எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

சிஆர்பி என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். உடலில் எங்காவது அழற்சி எழுந்தால், இன்டர்லூகின்-6 என்ற தூதுப்பொருள் கல்லீரலுக்குத் தகவல் சொல்கிறது, கல்லீரல் சிஆர்பியைக் கொட்டுகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 19 மணி நேரம்தான். அதனால் வேகமாக ஏறும், காரணம் நீங்கினால் வேகமாக இறங்கும். ஈஎஸ்ஆர் அப்படியில்லை, சோம்பேறி. சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் குழாயில் எவ்வளவு தூரம் படிகின்றன என்பதுதான் அது. ரத்தசோகை, வயது, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு என்று பலதும் அதை ஏற்றிவிடும். ஈஎஸ்ஆர் மட்டும் ஏறி, சிஆர்பி அடங்கியிருந்தால் ஹீமோகுளோபினையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஹை சென்சிடிவிட்டி சிஆர்பி என்று ஒன்று உண்டு. இதயப் பரிசோதனைத் தொகுப்புகளில் அது பெரும்பாலும் இருக்கும். புரதம் அதேதான், அளக்கும் முறை மட்டும் நுணுக்கமானது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று ரிப்போர்ட்டின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். வேறு அழற்சி நோய் இல்லாதவர்களுக்கு வகுத்த கோடுகள் அவை. மூட்டுகளே சிஆர்பியை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தப் பட்டியலை அப்படியே பொருத்த முடியாது. முடக்குவாதம் இருப்பவர் இதயத்துக்காக என்று தனியாக இந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வழக்கமான சிஆர்பியே நமக்கு வேண்டியதைச் சொல்லிவிடும்.

அப்படியானால் சிஆர்பியில் எதைப் பார்ப்பது? காலத்தை. ஒருநாள் 60 வந்து இரண்டு வாரத்தில் அடங்குவதைவிட, 18, 22, 16, 20 என்று இரண்டு வருடமாக அசையாமல் நிற்பதுதான் ரத்தக்குழாய்க்குக் கெடுதல். முதலாவது காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம். இரண்டாவது அணையாமல் கனன்றுகொண்டிருக்கும் அடுப்பு.

மூட்டு அழற்சி ஏன் இதயம் வரை போகிறது? மூட்டுச் சவ்வை அரிக்கும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் மூட்டோடு நின்றுவிடுவதில்லை, ரத்தத்தில் சுற்றுகின்றன. தமனியின் உள்சுவரை ஒட்டுந்தன்மை உள்ளதாக ஆக்குகின்றன, வெள்ளணுக்கள் உள்ளே நுழைகின்றன, கொழுப்புப் படிவு உருவாகிறது. உருவான படிவின் மேல்மூடியையும் மெலிதாக்குகின்றன. மூடி கிழிந்தால் ரத்தம் உறையும், மாரடைப்பு. கொழுப்பு எண்ணைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்ற கேள்விக்கு 2017-ல் கான்டோஸ் என்ற பெரிய ஆய்வு பதில் தந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டோரிடம் கனகினுமாப் என்ற அழற்சி எதிர்ப்பு ஊசி சோதிக்கப்பட்டது. 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு சுமார் 15 சதவீதம் குறைந்தது, எல்டிஎல் குறையாமலே. ஆனால் எல்லா அழற்சி மருந்தும் எல்லாருக்கும் இதைச் செய்துவிடாது. முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் (முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மருந்து) கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. அவர்களுக்கு சிஆர்பியே இறங்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களிடம் கதை வேறு. மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களுக்கு இதயச் சம்பவங்கள் குறைவாக இருப்பதைத் தொடர் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். சிஆர்பி நார்மலாகவே இருந்து மூட்டு வீங்கியிருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு எண்ணைவிட விரல் மூட்டு சொல்வதே சாட்சி. அப்புறம், டோசிலிசுமாப் போல இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் ஊசி போடுபவர்களுக்கு, கல்லீரலுக்குப் போகும் தகவலே துண்டிக்கப்படுவதால் சிஆர்பி கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குப் போய்விடும். நோய்த்தொற்று வந்தால்கூட ஏறாமல் இருக்கலாம். அவர்கள் சிஆர்பி 0.3 என்பதை வைத்து எல்லாம் நலம் என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாம் படி: கொலஸ்ட்ராலை அழற்சியோடு சேர்த்துப் படியுங்கள்

இதுதான் இந்த விஷயத்தின் மையம், மெதுவாகப் போவோம். 54 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மருந்து தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டும், ஆறு மாதம் கழித்து எடுத்ததும் மேசையில் இருக்கின்றன.

முதல் ரிப்போர்ட்: சிஆர்பி லிட்டருக்கு 46 மில்லிகிராம், ஈஎஸ்ஆர் 72. மொத்தக் கொலஸ்ட்ரால் 152, எல்டிஎல் 92, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 130.

இரண்டாவது: சிஆர்பி 4, ஈஎஸ்ஆர் 22. மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எல்டிஎல் 120, எச்டிஎல் 46, ட்ரைகிளிசரைடு 120.

பார்த்ததும் என்ன தோன்றும்? "மூட்டு மருந்து எனக்குக் கொழுப்பை ஏற்றிவிட்டது." இப்படி நினைத்து மருந்தைத் தானே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. சரி, நிதானமாகப் பார்ப்போம். நோய் கொதிக்கும்போது உடல் கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட வேகமாக அகற்றுகிறது. அழற்சி அடங்கியதும் அந்த வேகம் குறைகிறது, எண் தன் இயல்பான இடத்துக்குத் திரும்புகிறது. அந்தப் பெண்ணின் உண்மையான எல்டிஎல் 120-தான். 92 என்பது நோய் போட்ட வேஷம்.

மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்துப் பாருங்கள். முதல் ரிப்போர்ட்டில் 152-ஐ 34-ஆல் வகுத்தால் 4.5 வருகிறது. இரண்டாவதில் 190-ஐ 46-ஆல் வகுத்தால் 4.1. எல்டிஎல் 28 புள்ளி ஏறியும் விகிதம் மேம்பட்டிருக்கிறது! அழற்சியின் போது எச்டிஎல் எண்ணிக்கையில் குறைவதோடு குணத்திலும் கெடுகிறது. அதன் மேல் இருக்க வேண்டிய ஏபோ ஏ-1 புரதத்தை விரட்டிவிட்டு, சீரம் அமிலாய்டு ஏ என்ற அழற்சிப் புரதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுத்தம் செய்ய வேண்டிய வண்டியே குப்பையைச் சுமந்து திரிவதுபோல. எச்டிஎல் எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது. கொலஸ்ட்ரால் இறங்கியும் ஆபத்து ஏறும் இந்த முரணுக்கு மருத்துவர்கள் லிப்பிட் (கொழுப்பு) பாரடாக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதற்காக ஏறிய எல்டிஎல்லைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. டோசிலிசுமாப் எடுப்பவர்களுக்கு எல்டிஎல் ஏறுவதால் மாரடைப்பும் கூடுமோ என்ற பயம் வெகு நாள் இருந்தது. 3,080 நோயாளிகளிடம் அதை எட்டானெர்செப்ட் என்ற இன்னொரு முடக்குவாத ஊசியோடு ஒப்பிட்ட என்ட்ராக்டே ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தது. எல்டிஎல் ஏறியது உண்மை, ஆனால் பெரிய இதயச் சம்பவங்களில் இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பயம் தணிந்தது. இருந்தும், அழற்சி அடங்கியபின் தெரியும் எல்டிஎல் அதிகமாக இருந்தால், வேறு யாருக்கும் செய்வதுபோலவே அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும்.

ஆகவே நடைமுறை இது. ஆபத்தைக் கணக்கிடுவதற்கான லிப்பிட் பரிசோதனையை நோய் அடங்கி நிலையாக இருக்கும்போது எடுங்கள். ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலாரும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. "என் நோய் அடங்கினதே இல்லையே" என்பவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டாம். இப்போதே எடுத்து, பக்கத்தில் சிஆர்பியை எழுதி, உண்மையான எல்டிஎல் இதைவிட அதிகமாக இருக்கலாம் என்ற நினைப்போடு படியுங்கள். வெறும் வயிறு பெரும்பாலும் அவசியமில்லை. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும், வாய்ப்பாட்டில் கணக்கிட்ட எல்டிஎல்லை நம்ப முடியாது. அப்போது வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும்.

லிப்போபுரோட்டீன் ஏ (எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள்) என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. அது பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகிவிடும் எண். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்தைக் கூட்டும் காரணியாக எடுத்துக்கொள்கிறார்கள். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான்காம் படி: ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். இரண்டும் நோயைக் கண்டறிய ரத்தத்தில் தேடிப் பார்த்த எதிர்ப்பொருட்கள். பாசிட்டிவ்வாக, அதுவும் அதிக அளவில் இருப்பவர்களுக்கு மூட்டு சிதைவும் இதய ஆபத்தும் இரண்டுமே கூடுதலாக இருக்கும் போக்கு உண்டு. நெகட்டிவ் என்றால் இதயம் தப்பித்தது என்று பொருளில்லை. நோய் ஏறி இறங்குவதை அறிய இவற்றைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை, அந்தப் பணத்தில் லிப்பிட் எடுக்கலாம். புகைபிடிப்பதற்கும் ஆன்டி சிசிபி உருவாவதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அதே புகை தமனியையும் கெடுக்கிறது. முடக்குவாதம் வந்தபின்னும் புகைப்பவர், இந்த வழிகாட்டியின் மற்ற படிகளுக்குப் போகும் முன் அதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மருந்து விட்டுச்செல்லும் தடயங்கள்

ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் எடுப்பவருக்கு, மறுநாள் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலாகவே இருக்கும். பிற்பகலிலும் மாலையிலும் சாப்பாட்டுக்குப் பின்தான் ஏறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பிடிபடாது. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். எச்பிஏ1சியும் எடுக்கலாம், ஆனால் ரத்தசோகை அதைக் குழப்பும். இரும்புச்சத்துக் குறைபாட்டில் அது பொய்யாக ஏறும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்தால் பொய்யாக இறங்கும். முடக்குவாதக்காரர்களிடம் ரத்தசோகை சகஜம் என்பதால் இதை நினைவில் வையுங்கள்.

கிரியேட்டினினும் ஏமாற்றும். அது தசையிலிருந்து வருவது. வருடக்கணக்கில் நோயோடு இருப்பவர்களுக்குத் தசை கரைந்திருக்கும். தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறையும், சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட ஆரோக்கியமாகத் தெரியும். வலி மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்களுக்கு இது முக்கியம். சிறுநீரில் அல்புமின் இருக்கிறதா என்று பார்ப்பது கூடுதல் பாதுகாப்பு. இதே தசைக் கதையால்தான் எடை குறைவதையும் முடக்குவாதத்தில் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள முடியாது. முயற்சி எதுவும் இல்லாமல் மெலிந்துகொண்டே போகும் நோயாளிக்கு இதய ஆபத்து கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது.

ரத்த அழுத்தம் ரத்தப் பரிசோதனை இல்லை, ஆனாலும் நம் தாளில் அதற்கு இடம் உண்டு. வலி மாத்திரைகள், ஸ்டீராய்டு, லெஃப்ளூனோமைடு என்ற மூட்டு மருந்து மூன்றுமே அதை ஏற்றக்கூடியவை. இவற்றில் எதையாவது தொடங்கிய தேதிக்குப் பக்கத்தில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அளக்கும் பரிசோதனையைச் சிலர் எடுத்துவிட்டுப் பதறுகிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் அதை ஏற்றும், கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் இறக்கும். அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம், ஃபோலிக் ஆசிட்டை மறக்காமல் போட்டுக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: இதயமே அனுப்பும் குறிகள், தேவைப்பட்டால் மட்டும்

இதயத் தசை இழுபட்டால் என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தக் குறி ஏறும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதயச் செயலிழப்பும் அதிகம் என்பதால், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதை எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அவசரம் இல்லாத நிலையில் மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு. வயதும் சிறுநீரகக் கோளாறும் அதை ஏற்றும், உடல் பருமன் இறக்கும். கணுக்கால் வீக்கத்தை மூட்டு வீக்கம் என்று நினைத்துவிடும் ஆபத்து இங்கே உண்டு. விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பினால் அது நீர் வீக்கம்.

ட்ரோபோனின் இதயத் தசை சேதமானால் கசியும் புரதம். அது நெஞ்சுவலியோடு வருபவருக்கான பரிசோதனை. இதைப் பற்றிக் கடைசியில் ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது.

பன்னிரண்டு புரதங்களைச் சேர்த்து அளந்து நோயின் வேகத்தை ஒரே மதிப்பெண்ணாகத் தரும் பரிசோதனையும் வந்திருக்கிறது. அதிலுள்ள சில புரதங்களோடு வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகை ஆகியவற்றைச் சேர்த்து இதய ஆபத்தைக் கணிக்கும் முறையையும் வகுத்திருக்கிறார்கள். சுவாரசியமான முயற்சிதான். ஆனால் அது கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம், சாதாரண எண்களையே பெரும்பாலோர் இன்னும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை.

ஏழாம் படி: கணக்குப் போடுங்கள்

அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும் வாய்ப்பாடுகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. வயது, பாலினம், மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை ஆகியவற்றைக் கேட்கும். பெரும்பாலானவை முடக்குவாதம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்காத வாய்ப்பாட்டில் வரும் விடையை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது யூலார். முன்பு நோய் பத்து வருடத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் வைத்திருந்தார்கள். 2017-ல் வெளியான திருத்தத்தில் அவற்றை எடுத்துவிட்டு, முடக்குவாதம் உள்ள எல்லாருக்கும் பெருக்கலாம் என்றார்கள்.

நம் 54 வயதுப் பெண்ணுக்கு இரண்டாவது ரிப்போர்ட்டின் எண்களைப் போட்டு 6 சதவீதம் வந்ததாக வைத்துக்கொள்வோம். 1.5-ஆல் பெருக்கினால் 9. அமெரிக்க வழிகாட்டல் வேறு வழியில் போகிறது. 2018-ல் வெளியான கொலஸ்ட்ரால் வழிகாட்டல் பெருக்கச் சொல்லவில்லை. முடக்குவாதத்தை ஆபத்தைக் கூட்டும் காரணி என்று பட்டியலிட்டு, 5 முதல் 7.5 சதவீதம் என்ற எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) பக்கம் முடிவைச் சாய்க்கச் சொல்கிறது. இரண்டு வழியிலும் இந்தப் பெண்ணோடு ஸ்டாட்டின் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. முதல் ரிப்போர்ட்டின் எல்டிஎல் 92-ஐ மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

இங்கே ஒரு பொறி. பிரிட்டனின் க்யூரிஸ்க்-3 வாய்ப்பாட்டில் முடக்குவாதம் என்ற கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அதில் வந்த விடையை மறுபடி 1.5-ஆல் பெருக்கினால் ஒரே ஆபத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

35 வயதுக்காரருக்கு எந்த வாய்ப்பாட்டிலும் சிறிய எண்தான் வரும், பெருக்கினாலும் சிறியதே. வயது அந்தக் கணக்கில் அவ்வளவு எடை போடுகிறது. அதனால் இளவயது நோயாளிகள் அந்தச் சதவீதத்தைவிட, எத்தனை வருடம் சிஆர்பியை அடக்கி வைத்திருக்கிறோம் என்பதைப் பார்ப்பது மேல். கணக்கு எல்லைக்கோட்டில் நின்று குழப்பினால், கழுத்துத் தமனி அல்ட்ராசவுண்டோ இதயத் தமனிக் கால்சியம் ஸ்கேனோ எடுத்து, படிவு இருக்கிறதா என்று நேரடியாகவே பார்க்கலாம்.

எட்டாம் படி: மருத்துவரிடம் எதைப் பேசுவது?

யாரிடம் என்பதுதான் முதல் சிக்கல். ருமட்டாலஜிஸ்ட் மூட்டைப் பார்க்கிறார், குடும்ப மருத்துவர் சர்க்கரையைப் பார்க்கிறார், இதயம் நடுவில் விழுந்துவிடுகிறது. இதய ஆபத்துக் கணக்கு நடக்கிறதா என்று உறுதிசெய்யும் பொறுப்பு ருமட்டாலஜிஸ்டுடையது என்கிறது யூலார். அதனால் அவரிடமே தாளை நீட்டிக் கேளுங்கள்: "என் பத்து வருட ஆபத்து எவ்வளவு டாக்டர்? கடைசியாக எப்போது கணக்கிட்டோம்?" ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும், மூட்டு மருந்தில் பெரிய மாற்றம் வந்த பிறகும் கணக்கிட வேண்டும். டோசிலிசுமாப் ஊசியோ, டோஃபாசிட்டினிப் என்ற மூட்டு மாத்திரையோ தொடங்கினால் 4 முதல் 8 வாரத்துக்குள் லிப்பிட் எடுப்பது வழக்கம்.

சிகிச்சையில் முதல் இடம் நோயை அடக்குவதற்குத்தான். ஸ்டீராய்டு குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. அதேசமயம் ஸ்டீராய்டுக்குப் பயந்து நோயைக் கொதிக்க விடுவதும் இதயத்துக்கு நல்லதில்லை. ஸ்டாட்டினைப் பொறுத்தவரை, முடக்குவாத நோயாளிகள் சுமார் 3,000 பேரிடம் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமைச் சோதித்த ட்ரேஸ்-ஆர்ஏ ஆய்வில் இதயச் சம்பவங்கள் 34 சதவீதம் குறைந்தன. எதிர்பார்த்ததைவிடச் சம்பவங்கள் குறைவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள், ஆகவே அந்த 34 சதவீதத்தைப் புள்ளியியல் அளவில் உறுதி என்று சொல்ல முடியாது. பக்கவிளைவு வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு இருந்த அளவில்தான் இருந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்து எடுக்கும்போது கல்லீரல் எண்களை எப்படியும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவற்றில் ஏஎல்டி என்ற எண் மேல் வரம்பைவிட மூன்று மடங்கைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

டோஃபாசிட்டினிப் போன்ற ஜாக் தடுப்பான் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டால் கட்டாயம் ஒரு கேள்வி கேளுங்கள். 50 வயது தாண்டி, குறைந்தது ஒரு இதய ஆபத்துக் காரணியாவது உள்ள 4,362 நோயாளிகளிடம் டோஃபாசிட்டினிபையும் டிஎன்எஃப் தடுப்பு ஊசிகளையும் ஒப்பிட்டார்கள். பெரிய இதயச் சம்பவங்கள் மாத்திரைப் பக்கம் 3.4 சதவீதம், ஊசிப் பக்கம் 2.5. முடிவு 2022-ல் முழுமையாக வெளியானது. அதற்கு முந்தைய வருடமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையைக் கடுமையாக்கிவிட்டது. உங்களுக்கு வேறு மருந்து ஒத்துவராமல் இதைக் கொடுத்திருக்கலாம், அதனால் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். "என் இதய ஆபத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதினீர்களா?" என்று கேட்டால் போதும்.

கடைசியாக: ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தெரியாமலே வந்து போகும் மாரடைப்பு அதிகம். தோளிலும் கையிலும் வலியோடே வாழ்பவருக்கு இன்னொரு தோள்வலி புதிதாகவா தெரியும்? ஆனால் வித்தியாசம் உண்டு. முடக்குவாத வலி காலையில் இறுகியிருந்து, அசைய அசைய இளகும். இதய வலி நடந்தால், படி ஏறினால் வரும், நின்றால் குறையும், தோளை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது. மாரடைப்பு என்றால் ஓய்வெடுத்தாலும் அடங்காது. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ இழுக்கும் வலி, காரணமில்லாத வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல் என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். வலி மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்துப் பட்டியலோடு, உங்களுக்கு முடக்குவாதம் இருப்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆர்ஏ ஃபேக்டர் அதிகமாக உள்ள சிலருக்கு, அந்த எதிர்ப்பொருளே ட்ரோபோனின் பரிசோதனையில் குறுக்கிட்டு எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். மாரடைப்பில் ட்ரோபோனின் சில மணி நேர இடைவெளியில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும், இந்தக் குறுக்கீட்டில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அதனால் இரண்டாவது முறை ரத்தம் எடுக்க வந்தால் "இப்போதுதானே எடுத்தீர்கள்?" என்று கேட்காமல் கையை நீட்டுங்கள்.